சிலிகாவின் குதிக்காத டால்பின்

ஒடிசாவின் சிலிகா ஏரியில் வாழும் டால்பின்கள் வித்தை காட்டுவதில்லை. மூக்கு நீளாத உருண்டைத் தலை ஒன்று நீருக்கு மேலே வரும். மூச்சைத் தள்ளும் சத்தம் கேட்கும். சாம்பல் நிற முதுகும், அதில் சற்றுப் பின்தள்ளி அமைந்த, நுனி மழுங்கிய சிறு துடுப்பும் தெரிந்து மறையும். இரண்டு விநாடிகூட இருக்காது. மறுபடி அரை நிமிடம் கழித்தோ இரண்டு நிமிடம் கழித்தோ வேறெங்காவது எழும். துள்ளிக் குதிப்பதும் உண்டு. ஆனால் அது அரிது.

நம் மனத்தில் பதிந்திருக்கும் டால்பின் வேறு. திரைப்படங்களிலும் பாடப்புத்தகங்களிலும் வருகிற, நீண்ட மூக்கோடு வில்லாக வளைந்து பாயும் விலங்கு அது. பூரி ஜகந்நாதரைத் தரிசித்துவிட்டு, அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சாதபடா படகுத்துறைக்கு வரும் குடும்பம் அதைத்தான் எதிர்பார்த்துப் படகேறுகிறது. முதுகு மட்டும் தெரிந்து மறைந்ததும், 'இன்னும் கொஞ்சம் கிட்டே போங்க' என்கிறது. படகுக்காரர் எஞ்சினைக் கிளப்புகிறார். அருகில் நிற்கும் மற்ற படகுகளும் அதே திசையில் திரும்புகின்றன. சிலிகாவின் டால்பின் சுற்றுலா காப்பாற்றும் தொழிலாக இருக்குமா, துரத்தும் தொழிலாக மாறுமா என்பது பெரும்பாலும் இந்த ஒரு நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது.

இந்த இனத்தை அறிவியல் உலகம் அறிந்துகொண்டதில் பழைய மதராஸ் மாகாணத்துக்கும் பங்குண்டு. 1852இல் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் கிடைத்த மாதிரி ஒன்று, மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி வால்டர் எலியட் மூலம் லண்டன் போய்ச் சேர்ந்தது. அமராவதியின் பௌத்தச் சிற்பங்களைத் தோண்டியெடுத்து மதராஸுக்கு அனுப்பிய அதே எலியட்தான். 1866இல் ரிச்சர்ட் ஓவன் அந்த மாதிரியை விவரித்து, குட்டை மூக்கு என்று பொருள்படும் இலத்தீன் பெயரை வைத்தார். பின்னாளில் பர்மாவின் ஐராவதி ஆற்றில் கடலிலிருந்து வெகுதொலைவிலும் இவ்வகை டால்பின்கள் வாழ்வது தெரியவர, ஐராவதி டால்பின் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

வங்காள விரிகுடாவின் கரையோரம் தொடங்கிப் பிலிப்பைன்ஸ் வரைக்கும் இந்த இனம் சிதறிக் கிடக்கிறது. கழிமுகங்கள், காயல்கள், ஆழமில்லாத கடலோரம், அதோடு ஐராவதி, மீகாங், மகாகம் ஆகிய மூன்று ஆறுகள். எல்லாமே மனிதர்கள் நெருக்கியடித்து மீன்பிடிக்கும் இடங்கள். 2017 முதல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இது அழியும் நிலையிலுள்ள இனம். இந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே வரிசையில், இதுவும் இருக்கிறது. சிலிகாவில் அண்மை ஆண்டுகளில் எடுத்த கணக்குகள் பெரும்பாலும் 150ஐ ஒட்டியே நிற்கின்றன.

சென்னையிலிருந்து ஹவுரா போகும் ரயிலில் பயணம் செய்தவர்கள் சிலிகாவைப் பார்த்திருப்பார்கள். பிரம்மபூர் தாண்டியதும் வலப்பக்கம் ரம்பா, பாலுகாவ் ஊர்களின் ஓரமாக நீர் விரிந்து கிடக்கும். கோடையில் சுமார் 900 சதுர கிலோமீட்டர், மழைக்காலத்தில் 1,100க்கும் மேல். இத்தனை பரப்பு இருந்தும் ஆழம் இல்லை. பல இடங்களில் ஓர் ஆள் உயரத்துக்குக்கூட நீர் நிற்காது. ரயிலிலிருந்து தெரியும் கரையில் டால்பினைத் தேடிப் பயனில்லை. அவற்றில் பெரும்பகுதி எதிர்ப்புறம், கடலை ஒட்டிய பக்கம் இருக்கின்றன. அங்கே ஏரியையும் வங்காள விரிகுடாவையும் இணைக்கும் குறுகலான கால்வாய் ஒன்று முப்பது கிலோமீட்டருக்கு மேல் கரைக்கு இணையாக ஓடுகிறது. கடலுக்கும் ஏரிக்கும் போய்வரும் மீனும் இறாலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். டால்பின்களும் இரைக்காக அங்கே காத்திருக்கின்றன. மீனவர்களும் அங்கேதான் வலை கட்டுகிறார்கள். சாதபடா படகுத்துறையும் அதன் கரையில்தான் இருக்கிறது. இத்தனை பெரிய ஏரியில் எல்லோருக்கும் வேண்டியது அந்த ஒரே ஒடுங்கிய நீர்ப்பாதை.

டால்பின்களுக்கு அண்மைக் காலத்தில் நடந்த ஆகப்பெரிய நன்மை சுற்றுலாவால் வந்ததல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1990களில் சிலிகா செத்துக்கொண்டிருந்தது. ஆறுகள் கொண்டுவந்த வண்டலும் கடலோர மணலும் சேர்ந்து முகத்துவாரத்தை அடைத்தன. கடல்நீர் வரத்துக் குறைந்தது, உப்புத்தன்மை இறங்கியது, நன்னீர்க் களைகள் பரவின. ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் 1981இல் இந்தியாவிலிருந்து முதலில் அறிவிக்கப்பட்ட ஈரநிலங்களில் ஒன்றான சிலிகா, 1993இல் சீர்கெட்ட ஈரநிலங்களின் பதிவேட்டுக்குப் போனது. பழவேற்காட்டில் முகத்துவாரம் தூர்ந்துபோகும் போதெல்லாம் மீனவர்கள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலிகா மேம்பாட்டு ஆணையம் கடலுக்குப் புதிய வாய் ஒன்றை வெட்டித் திறந்தது. கடல்நீர் உள்ளே ஏறியது. அதற்கு முந்தைய ஆண்டு 1,750 டன் அளவுக்குச் சுருங்கியிருந்த மீன்பிடிப்பு இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 12,000 டன்னைத் தொட்டது. 2002இல் அந்தப் பதிவேட்டிலிருந்து சிலிகாவின் பெயர் நீங்கியது. பின்னர் நீதிமன்றத் தலையீட்டால், ஏரியை ஆக்கிரமித்திருந்த இறால் அடைப்புகள் பெருமளவு அகற்றப்பட்டன. மூங்கிலும் வலையும் கொண்டு நீர்ப்பரப்பையே துண்டு துண்டாக மறித்துக்கொண்டிருந்தவை அவை. மறிப்பு விலகிய நீரில் டால்பின்கள் மீண்டும் உலாவத் தொடங்கின.

உப்பு, மீன், தடையில்லாத நீர். இவை இல்லாத இடத்தில் எத்தனை ஒழுங்கான படகுச் சவாரியும் ஒரு டால்பினைக்கூட உயிரோடு வைத்திருக்காது. சுற்றுலாவின் வேலை வேறு. டால்பின் உயிரோடு இருப்பதில் கரையிலுள்ள மக்களுக்கு ஒரு வருமானத்தை உண்டாக்குவது அதன் முதல் வேலை. அந்த வருமானத்தைத் தேடும்போதே டால்பினுக்குக் கேடு செய்யாமல் இருப்பது இரண்டாவது. இந்த இரண்டாவதில்தான் எல்லா இடங்களிலும் சறுக்குகிறது.

கேடு எப்படி வருகிறது? காரணம் ஒலியிலிருந்து தொடங்குகிறது. சிலிகாவின் நீர் கலங்கலானது. கண்ணைக் கொண்டு அதில் வெகுதூரம் பார்க்க முடியாது. டால்பின் தன் தலைக்குள்ளிருந்து மனிதக் காதுக்கு எட்டாத மீயொலித் துடிப்புகளை விடாமல் அனுப்புகிறது. அவை மீன்மீதும் மணல்மேட்டின்மீதும் வலைமீதும் பட்டுத் திரும்பும் எதிரொலியை அதன் கீழ்த்தாடை வாங்கி உள்காதுக்குக் கொண்டுசேர்க்கிறது. எதிரொலி வந்து சேரும் நேரத்தை வைத்துத் தூரத்தையும், அதன் தன்மையை வைத்து எதிரிலிருப்பது இன்னதென்பதையும் அது அறிகிறது. நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் போகும். காற்றில் போவதைப் போல நான்கு மடங்குக்கும் அதிகம். அதனால் டால்பினுக்குக் காதுதான் கண். தாயும் குட்டியும் ஒன்றையொன்று தவறவிடாமல் இருப்பதும் ஒலியால்தான்.

இப்போது படகின் எஞ்சினை நினைத்துப் பாருங்கள். சாதபடாவின் சுற்றுலாப் படகுகளில் பெரும்பாலானவை நீளத்தண்டு மோட்டார் பொருத்தியவை. தண்டின் முனையில் விசிறி வேகமாகச் சுழலும்போது அதன் இறக்கைகளை ஒட்டி நீரில் நுண்குமிழ்கள் உண்டாகி உடனே உடைகின்றன. ஒவ்வொரு உடைப்பும் ஒரு சிறு வெடிப்பு. நாம் படகில் உட்கார்ந்து கேட்கும் தடதடப்பு எஞ்சினுடையது. நீருக்கடியில் பரவுவதில் பெரும்பங்கு இந்தக் குமிழ்களின் இரைச்சல், அது மீயொலி வரைக்கும் எட்டும். ஆழ்கடலில் என்றால் டால்பின் கீழே இறங்கித் தப்பலாம். இரண்டு மீட்டர் நீரில் எங்கே இறங்குவது? இரைச்சலும் தரைக்கும் நீர்ப்பரப்புக்கும் இடையே மோதி மோதித் திரும்புகிறது. ஏழெட்டுப் படகுகள் சூழ்ந்துகொண்டால், திருவிழா ஒலிபெருக்கிக்கு அடியில் நின்றுகொண்டு பக்கத்திலிருப்பவரோடு பேச முயல்கிறவர் நிலைதான் அதற்கு.

கங்கை டால்பின்களைப் பற்றி இந்திய, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. ஆற்றில் நீர் வற்றிய மாதங்களில் கலங்களின் இரைச்சலும் சேரும்போது பாதிப்பு மிகக் கூடுதல். இரைச்சல் திடீரென்று எழுந்தபோது டால்பின்களின் ஒலிச் செயல்பாடு அதிகரித்தது. ஓயாமல் நீடித்தபோது அடங்கியது. தங்கள் குரலைக் கேட்கச் செய்யவே அவை கூடுதல் ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இனம் வேறானாலும், ஆழம் குறைந்த கலங்கல் நீரில் எஞ்சின் சத்தம் என்ற நிலைமை சிலிகாவுக்கும் பொருந்துவதுதான்.

'அதெல்லாம் பழகிவிடும், பாருங்கள், படகு பக்கத்தில் வந்தாலும் அவை ஓடவில்லையே' என்று சொல்பவர்கள் உண்டு. இது தவறான முடிவு என்று காட்டியது நியூசிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள டவுட்ஃபுல் சவுண்ட் என்ற கடல்நுழைவில் டேவிட் லூசோ செய்த ஆய்வு. அங்கே வாழ்வது வேறோர் இனம், நாம் படங்களில் பார்க்கும் நீண்ட மூக்கு டால்பின். படகு வந்ததும் ஆண்கள் உடனே நீருக்கடியில் அதிக நேரம் தங்கி விலகப் பார்த்தன. பெண்கள் அப்படிச் செய்யவில்லை. படகு அத்துமீறி நெருங்கித் தொல்லை தாங்க முடியாமல் போகும்போதுதான் விலகின. கருவைச் சுமப்பதும் பாலூட்டுவதும் பெண் டால்பின்கள். நீண்ட முக்குளிப்புக்குச் செலவிட அவற்றிடம் உபரி ஆற்றல் இல்லை. படகுக்குப் பக்கத்தில் ஒரு தாய் அசையாமல் இருப்பதைப் பார்த்து அது நம்மை ஏற்றுக்கொண்டது என்று நினைக்கிறோம். விலகிப் போக அதற்குக் கட்டுப்படியாகவில்லை என்பதுதான் பல வேளைகளில் உண்மை.

இப்படிச் சேரும் சிறு இழப்புகள் எங்கே கொண்டுவிடும் என்பதை ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள ஷார்க் விரிகுடா காட்டியது. அங்கே டால்பின் சுற்றுலா நடத்த உரிமம் பெற்றவர் முதலில் ஒருவர். பின்னர் இருவர் ஆனார்கள். லார்ஸ் பெய்டர் தலைமையில் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. படகுகள் புழங்கிய பகுதியில் டால்பின்களின் அடர்த்தி சராசரியாக 14.9 விழுக்காடு, அதாவது ஏழில் ஒன்று, குறைந்திருந்தது. படகு போகாத பக்கத்துப் பகுதியில் அந்தச் சரிவு இல்லை. அதிகாரிகள் ஓர் உரிமத்தை விலக்கிக்கொண்டார்கள். இத்தனைக்கும் ஷார்க் விரிகுடாவில் படகுகள் கட்டுப்பாட்டோடு ஓடின, டால்பின்களும் ஏராளம். விலகிப் போக அவற்றுக்குத் திறந்த கடல் இருந்தது. இதே அளவு தொல்லை ஒரு சிறிய, அடைபட்ட கூட்டத்துக்கு நேர்ந்தால் தாங்காது என்று அந்த ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். சிலிகாவின் 150 டால்பின்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த எச்சரிக்கைதான். ஐராவதி டால்பின் பதினான்கு மாதம் போல் கருவைச் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்கு இரண்டு மூன்று கூடுதல் சாவுகள் போதும், வளர்கிற கூட்டம் தேய்கிற கூட்டமாகிவிட.

படகுக்காரர்கள்மீது பழியைப் போட்டுவிட்டு நகர்வது எளிது. ஆனால் அவர்கள் நிலையைப் பார்க்க வேண்டும். சாதபடாவில் படகோட்டுபவர்களில் பலர் மீனவக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் பெருங்கூட்டம். அந்த நான்கு மாத வருமானத்தை வைத்து மீதி ஆண்டைத் தள்ள வேண்டும். பயணி முழுப்படகையும் வாடகைக்கு எடுக்கிறார். டால்பின், கடல் முகத்துவாரம், மணல்திட்டின் செந்நண்டு எல்லாவற்றையும் சில மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும் என்கிறார். டால்பின் 'சரியாகத் தெரியவில்லை' என்றால் இறங்கும்போது முகம் சுளிக்கிறார். கிட்டே கொண்டுபோய்க் காட்டியவருக்குக் கையில் ஐம்பதோ நூறோ கூடுதலாக வைக்கிறார். ஆணையமும் வெளி அமைப்புகளும் நடத்திய பயிற்சிகளில் எஞ்சினை நிறுத்து, தள்ளி நில், துரத்தாதே என்று சொல்லித்தான் தந்திருக்கிறார்கள். பயிற்சி ஒரு நாள் நடந்தது. பயணியின் கையில் இருக்கும் நூறு ரூபாய் தினமும் எதிர்ப்பாடம் நடத்துகிறது.

இதே இனத்துக்கு மீகாங் ஆற்றில் நடந்ததைப் பார்த்தால் சுற்றுலாவால் ஆகக்கூடியதும் ஆகாததும் இரண்டும் தெரியும். கம்போடியாவில் க்ராச்சே நகருக்கு வடக்கே பதினைந்து கிலோமீட்டரில் காம்ப்பி என்ற ஊர். அதன் எதிரே ஆற்றில் ஆழமான மடு ஒன்று இருக்கிறது. கோடையில் ஆறு ஒடுங்கும்போது டால்பின்கள் இத்தகைய மடுக்களில்தான் ஒதுங்குகின்றன. உள்ளூர்ப் படகோட்டிகள் பயணிகளை மடுவின் அருகே வரை எஞ்சினில் கூட்டிப்போய், பிறகு எஞ்சினை அணைத்துத் துடுப்புப் போடுகிறார்கள். அசையாத படகில் உட்கார்ந்து காத்திருந்தால் டால்பினின் மூச்சு ஆற்றின்மேல் தெளிவாகக் கேட்கும். எந்த இடத்திலிருந்து என்று திரும்பிப் பார்ப்பதற்குள் தலை மறைந்தாலும், அடுத்த மூச்சுக்காகக் காத்திருக்கும் பொறுமை ஆட்களுக்கு வந்துவிடுகிறது. சிலிகாவிலும் எஞ்சினை அணைத்தால் இது நடக்கும். கிட்டே போனால்தான் திருப்தி என்பது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது வருகிற எண்ணம்.

காம்ப்பியிலிருந்து ஆற்றோடு மேலே போனால் லாவோஸ், கம்போடியா எல்லையில் இன்னொரு மடு. அங்கேயும் பயணிகள் ஆண்டுக்கணக்கில் படகேறி டால்பின் பார்த்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கே இருபதுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தன. பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. 2022 பிப்ரவரியில் கடைசியாக எஞ்சியிருந்த ஒரே டால்பினும் செத்தது. அதற்குச் சில நாள் முன்பு அதன் வாலில் வலை சுற்றியிருந்தது. எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றுலா வருமானம் இருந்தது. டால்பினை நேசித்த ஊர்க்காரர்களும் இருந்தார்கள். ஆற்றில் செவுள்வலைகளும் இருந்தன. வலை வென்றது.

மீகாங்கில் மட்டும் அல்ல, உலகமெங்கும் கரையோர டால்பின்களை அதிகம் கொல்வது செவுள்வலைதான். மெல்லிய நைலான் இழை எதிரொலியில் சரியாகப் பிடிபடுவதில்லை. சிக்கிய மீனைத் தேடிவந்த டால்பினும் மாட்டிக்கொள்கிறது. அதற்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். சில நிமிடங்கள் மேலே வர முடியாமல் போனால் மூச்சு முட்டிச் சாகும். கம்போடிய மீகாங்கில் 1997இல் சுமார் 200 என்று மதிப்பிடப்பட்ட டால்பின்கள் 2015இல் 80 ஆயின. அதன்பின் செவுள்வலைகளை அகற்ற ஆற்றுக் காவலர்கள் இரவும் பகலும் படகில் சுற்றினார்கள். 2017 கணக்கெடுப்பு 92 என்று சொன்னது. இருபது ஆண்டுகளில் எண்ணிக்கை கூடியது அதுவே முதல் தடவை. சுற்றுலாவால் கிடைக்கும் பணம் இந்தக் காவலுக்கும், செவுள்வலையை விட்டு வேறு வழிக்கு மாறும் மீனவருக்கும் போய்ச் சேர்ந்தால் அதைப் பாதுகாப்பு என்று அழைக்கலாம். விடுதிக்காரரோடும் வாடகைக் கார் முதலாளியோடும் நின்றுவிட்டால் அது வெறும் வியாபாரம்.

வலையையும் கட்டுப்படுத்தி, பயணிகளையும் வரவேற்ற ஊர் நியூசிலாந்தின் அகரோவா. அதன் சுற்றுக்கடலில் ஹெக்டர் டால்பின் வாழ்கிறது. நியூசிலாந்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சிற்றினம். 1988இல் பேங்க்ஸ் தீபகற்பத்தைச் சுற்றிய கடல், செவுள்வலைக்குக் கட்டுப்பாடு விதித்துக் காப்பகமாக்கப்பட்டது. லிஸ் ஸ்லூட்டனும் ஸ்டீவ் டாசனும் அவர்களுடைய குழுவினரும் இருபத்தோரு ஆண்டுகள் தனித்தனி டால்பின்களை முதுகுத் துடுப்பின் வெட்டுகளையும் தழும்புகளையும் வைத்துப் புகைப்படத்தில் அடையாளம் கண்டு பின்தொடர்ந்தார்கள். காப்பகத்துக்கு முன் ஓராண்டு பிழைத்திருக்கும் விகிதம் 86.3 விழுக்காடு, பின்னர் 91.7. ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். மெதுவாகப் பெருகும் விலங்குக்கு அது அழிவுக்கும் பிழைப்புக்கும் இடையிலான தூரத்தில் பெரும்பகுதி. இன்று அகரோவாவின் பொருளாதாரத்தில் டால்பின் சுற்றுலாவுக்குப் பெரிய இடமுண்டு. சட்டமும் துல்லியமாக இருக்கிறது: டால்பினிலிருந்து 300 மீட்டருக்குள் வந்துவிட்டால் அலை எழுப்பாத வேகம்தான், அந்த வட்டத்துக்குள் மூன்று கலங்களுக்கு மேல் கூடாது.

அந்த அகரோவாவிலும் நிலைமை நேர்க்கோட்டில் போகவில்லை. 2011 பிப்ரவரி நிலநடுக்கத்தில் பக்கத்துத் துறைமுகமான லிட்டில்டன் சேதமடைந்ததும் பெரும் பயணிக் கப்பல்கள் அகரோவாவுக்குத் திரும்பின. கப்பல் வரத்துக் கூடிய அந்த ஆண்டுகளில் டால்பின்கள் துறைமுகத்தைக் கோடையில் பயன்படுத்தும் இடங்கள் மாறியதாக 2022இல் வெளியான ஆய்வு சொல்கிறது. விதிகள் எழுதியபோது நினைத்திராத அளவுக்குக் கூட்டம் வந்தால் நல்ல விதியும் போதாமல் போகிறது. ஒவ்வொரு படகும் ஒழுங்காக நடந்துகொள்வது வேறு. மொத்தம் எத்தனை படகு என்பது வேறு. சிலிகாவில் முதலாவதைப் பற்றிப் பேச்சு இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி, அதாவது கால்வாயில் ஒரு நாளில் எத்தனை சவாரி, எந்த மணி நேரத்தில் முழு ஓய்வு என்பதைப் பற்றி, இன்னும் அழுத்தமாகப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

சிலிகாவுக்கு மீகாங்கில் இல்லாத ஒரு பலம் இருக்கிறது. இங்குள்ள மீனவர்கள் டால்பினைப் போட்டியாளராகப் பார்ப்பதில்லை. கழிகளை நட்டு ஓரமாக வலை கட்டியிருக்கும்போது டால்பின்கள் மடவை மீனை வலைப்பக்கம் விரட்டிவிடுகின்றன என்கிறார்கள். டால்பின்கள் அத்தகைய வலைகளை ஒட்டி இரைதேடுவதை ஆய்வாளர் கொராலி டிலிமாவின் குழு ஆய்ந்து பதிவு செய்திருக்கிறது. டால்பினுக்கு மீனை மறிக்க ஒரு சுவர் கிடைக்கிறது, மீனவருக்கு மடவை கிடைக்கிறது. ஐராவதி ஆற்றில் இந்த உறவு இன்னும் நெருக்கம். அங்கே மீனவர் படகின் விளிம்பைக் குச்சியால் தட்டிக் கூப்பிட, டால்பின்கள் மீன்கூட்டத்தை வளைத்துக்கொண்டு வந்து வீச்சுவலைக்கு முன்னால் நிறுத்துகின்றன. 2005இல் மியன்மார் அரசு மண்டலேக்கு வடக்கே 74 கிலோமீட்டர் நீள ஆற்றைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்ததற்கு இந்தக் கூட்டு மீன்பிடிப்பும் ஒரு காரணம். சிலிகாவில் நடக்கும் கூட்டைப் பயணிகளுக்கு யாரும் காட்டுவதில்லை என்பது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. மடவை வலைக்குத் தொலைவில் படகை நிறுத்தி, வலைக்குச் சொந்தக்காரரே நின்று விளக்கும் ஒரு காலைப்பொழுதை நினைத்துப் பாருங்கள். துரத்த வேண்டிய தேவையே எழாது. படகில் போகாத மீனவருக்கும் வருமானத்தில் பங்கு கிடைக்கும். எந்த வலையில் டால்பின் மாட்டுகிறது, எதில் மாட்டுவதில்லை என்பதைப் பயணியும் நேரில் அறிவார்.

நம் பக்கத்துக் கடல்களிலும் இதே கேள்வி இருக்கிறது. இலங்கையின் கற்பிட்டியில் சுழன்று பாயும் டால்பின்களை நூற்றுக்கணக்கில் பார்க்கலாம். அவை அழியும் நிலையில் இல்லை. அந்தத் தைரியத்தில் படகுகள் கூட்டத்தை ஊடறுத்து ஓடுவதும் நடக்கிறது. மன்னார் வளைகுடாவிலோ கூன்முதுகு டால்பின் வாழ்கிறது. அது சிவப்புப் பட்டியலில் ஐராவதி டால்பினுக்குச் சமமான நிலையில் இருப்பது. கரையை ஒட்டிய ஆழமில்லாத நீரில், மீன்பிடி படகுகளுக்கு நடுவில் வாழ்வது. 2020இல் இந்திய அரசு அறிவித்த டால்பின் திட்டம் ஆற்று டால்பின்களோடு கடல் டால்பின்களையும் சேர்த்தே பேசுகிறது. தமிழகக் கரையில் டால்பின் சுற்றுலா பெரிய தொழிலாக வளர்வதற்கு முன்பே, படகு எண்ணிக்கைக்கும் நேரத்துக்கும் வரம்பு வகுத்துவிட வேண்டும். வளர்ந்த பிறகு குறைப்பது எத்தனை கடினம் என்பதைச் சாதபடா படகுத்துறையில் நின்றால் தெரிந்துவிடும்.

பூரிக்குப் போகும் தமிழர்கள் ஆண்டுதோறும் ஏராளம். அவர்களில் பலர் சிலிகாவுக்கும் போவார்கள். போகட்டும், போக வேண்டும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரத்தைத் தவிர்த்தால் கால்வாயில் நெரிசல் குறைவு. விடிந்ததும் போனால் நீர் அசையாமல் இருக்கும், அப்போது முதுகுத் துடுப்பு தொலைவிலிருந்தே தெரியும். ஒரு தொலைநோக்கி இருந்தால் படகு கிட்டே போக வேண்டிய அவசியமே இல்லை. ஏற்கெனவே இரண்டு மூன்று படகுகள் ஒரு கூட்டத்தோடு இருந்தால் அங்கே போகச் சொல்லாதீர்கள். படகு பக்கவாட்டில் இணையாகத்தான் போக வேண்டும்; எதிரே போய் மறிப்பதும் பின்னாலிருந்து விரட்டுவதும் கூடாது. குட்டியோடு இருக்கும் தாய் தெரிந்தால் உடனே விலகிவிட வேண்டும். கால் மணி நேரம் பார்த்தால் போதும். இதையெல்லாம் நடு ஏரியில் சொல்வதைவிட, ஏறும் முன்பே படகுத்துறையில், மற்ற படகுக்காரர்கள் காதிலும் விழும்படி சொல்வது நல்லது: கிட்டே போக வேண்டாம், தூரத்திலேயே எஞ்சினை அணைத்துவிடுங்கள், முதுகு தெரிந்தால் போதும், ஒன்றுமே தெரியாவிட்டாலும் பேசிய கூலியும் அதற்கு மேல் நூறு ரூபாயும் உண்டு.